சனிக்கிழமை வெண்ணெய்

கோடு விழுந்திருந்தது.

புறஊதாக்கதிர் விளக்கின் மேல் ஜெல் தகட்டை வைத்துக் குனிந்து பார்த்த ஷாமிளாவுக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேலங்கி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். இருக்கிறது! தகட்டில் வரிசையாக ஓடிய பாதைகளில் ஒன்றே ஒன்றில், இருக்க வேண்டிய அதே இடத்தில், மெல்லிய கோடு பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. மற்றப் பாதைகளில் அந்த இடம் வெறும் இருட்டு.

"சேர், புடிச்சிட்டேன்! ஓடி வாங்க!"

அவள் போட்ட சத்தத்தில், அவளுடைய ஆய்வை மேற்பார்க்கும் கலாநிதி புவாட் தேநீர்க் கோப்பையும் கையுமாக ஓடி வந்தார். ஆய்வுக்கூடத்துக்குள் தேநீர் கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவரே அவர்தான். அன்றைக்கு அதை யார் பார்த்தார்கள்! இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். பேராதனையில், 2008ஆம் ஆண்டு மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில், உலகத்தில் அதைவிட அழகான பொருள் வேறு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். கேகாலைப் பக்கத்தில் ஆயுர்வேத மருந்துச்சாலை ஒன்று. அதை நடத்தும் சிங்கள வைத்தியரை ஊரே 'வெத மாத்தயா' என்று கூப்பிடும். அவருடைய பெயர்போன மருந்து ஒன்றுக்கு நாட்டு மாட்டு வெண்ணெய்தான் வேண்டும், ஓலைச்சுவடியில் அப்படித்தான் இருக்கிறதாம். பிரீசியன் முதலான சீமை மாட்டு வெண்ணெயை வாசலுக்குள்ளும் விடமாட்டார். நாலு ஊரிலிருந்து வெண்ணெய் வாங்குகிறார். ஆனால் வாங்குவதெல்லாம் உண்மையிலேயே நாட்டு மாட்டு வெண்ணெய்தானா என்பது அவருக்குத் தெரியாது. நாக்கில் வைத்தாலும் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. அந்தச் சந்தேகம் பிடித்து ஆட்டித்தான் மனிதர் புவாட்டைத் தேடி வந்திருந்தார்.

பாலில் பசுவின் உயிரணுக்கள் கொஞ்சம் கலந்தே வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தப் பசுவின் மரபணு இருக்கும். கறுப்பு வெள்ளைப் பிரீசியனின் மரபணுவில் ஓர் அடையாளம் உண்டு. இந்தப் பக்கத்து நாட்டு மாடுகளில் அது இல்லை என்பதை, மாடு மாடாக இரத்தம் எடுத்துப் புவாட் முன்பே உறுதிசெய்து வைத்திருந்தார். பிறகென்ன, வெண்ணெய்க்குள் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கி, ஜெல் தகட்டில் கோடாகக் காட்ட வேண்டியதுதானே? வாயால் சொல்லிவிடலாம். செய்யப் போனால் வெண்ணெயின் கொழுப்பு எல்லாவற்றையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கியது. ஒரு வருசமாக ஷாமிளா அந்தக் கொழுப்போடு மல்லுக்கட்டினாள். பாணுக்கு வெண்ணெய் பூசுவதையே விட்டுவிட்டாள், அவ்வளவு வெறுப்பு. இன்றைக்குத்தான் கள்ளன் கையும் களவுமாக அகப்பட்டிருக்கிறான்.

"எந்த ஊர் வெண்ணெய் சேர் இது? யாரு அந்தக் கலப்படக்காரங்க?" அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாதிரிகளுக்கு எண் மட்டும்தான் போட்டிருக்கும். எந்த எண் எந்த ஊர் என்பது புவாட்டுக்கு மட்டுமே தெரியும். அவர் மேசை லாச்சியைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். விரலை வைத்து அதே வரியை மறுபடியும் பார்த்தார்.

"ஷாமிளா, ஒங்கட தோட்டம் எது?"

"ரம்புக்கனைப் பக்கம் சேர். ஹல்பொல."

புவாட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இது ஹல்பொல வெண்ணெய்."

துள்ளிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றது.

ஹல்பொல வெண்ணெய் என்றால் அது விஜயகலாவின் வெண்ணெய். விஜயகலா ஷாமிளாவின் அக்கா. இறப்பர்த் தோட்டத்தில் மரத்துப் பால் வெட்டுகிறவள், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்களைச் சேர்த்து மாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்துகிறவள். அந்தக் குழுவுக்காகத் தன்னிடமிருந்த பிரீசியன் கலப்புப் பசுவை, நிறையக் கறந்துகொண்டிருந்ததை, விற்றுவிட்டு நாட்டுப் பசு வாங்கியவள். வாங்கிய பசு ஒரு செம்பு கறப்பதற்குள் நாலு தடவை உதைக்கும். 'அசல்னா அசல்தாண்டி' என்று உதை வாங்கிய கையைத் தடவிக்கொண்டே சிரிப்பாள். அந்த அக்காவா கலப்படம் செய்வாள்?

"ஒரு தடவை பார்த்து நான் யாருக்கும் அறிக்கை குடுக்க மாட்டேன்," என்றார் புவாட். "ரெண்டாவது தடவையும் பார்க்கணும். அப்பவும் கோடு விழுந்தா வெத மாத்தயா ஹல்பொலயை விட்டுருவார். கலப்படம் செய்யிற ஆக்கள்னு பேரும் போயிரும். நீங்களே போய்ப் புது மாதிரி கொண்டுவாங்க. எண்ணை நான்தான் போடுவேன். எது எதுன்னு ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

அக்கா பொய் சொல்கிறாளா, இல்லை ஒரு வருசம் பாடுபட்டுத் தான் கண்டுபிடித்த சோதனை பொய் சொல்கிறதா? பஸ்ஸில் ரம்புக்கனை வரைக்கும் ஷாமிளாவின் மண்டைக்குள் இந்த ஒரே கேள்விதான் குடைந்தது. இரண்டில் எது பொய்யானாலும் அவளுக்குத் தாங்காது.

* * *

"ஏண்டி, நானா கலந்தேன்?"

விஜயகலா அதிகம் பேசவில்லை. கேட்டது அவ்வளவுதான். ஆனால் கையிலிருந்த மத்தை அவள் கீழே வைத்த விதத்தைப் பார்த்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த குழுப் பெண்கள் தள்ளி நகர்ந்துகொண்டார்கள்.

"நீ கலந்தேன்னு நான் சொல்லலக்கா. வெண்ணெயில பிரீசியன் இருக்குன்னு வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான? எங்க மாடு அத்தனையும் நாட்டு மாடு. கடையில வாங்கின பால் ஒரு சொட்டு இந்தப் பானைக்குள்ள விழுந்ததில்ல. காளியம்மா கோயில் சூடத்த அணச்சு வேணும்னாலும் சொல்றேன்."

"சூடமெல்லாம் ஜெல்லுல ஓடாதுக்கா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஷாமிளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஜயகலாவின் முகம் இறுகிப் போயிற்று.

"அப்ப ஒன் மிசினே சொல்லட்டும். நான் பொய்க்காரி இல்லன்னு அது சொன்னப்புறம் என்ன அக்கான்னு கூப்புடு. அதுவரைக்கும் கூப்புடாத."

விஜயகலா சொன்னால் சொன்னதுதான். லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும், தங்கைக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

ஷாமிளா அழுகையை அடக்கிக்கொண்டு யோசித்தாள். அக்காவுக்கே தெரியாமல் மாடு ஒன்று பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா? பார்க்கச் செவலையாக, திமிலோடு அசல் நாட்டு மாடு போலவே இருக்கும். ஆனால் அதன் தாய்க்கு யாராவது எப்போதோ பிரீசியன் சினை ஊசி போட்டிருக்கலாம். வால் முடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனால் தெரிந்துவிடும். சந்தேகம் மனிதர்களைவிட்டு மாடுகள் மேல் திரும்பியதும் அவளுக்கு ஏதோ பெரிய வழி திறந்தது போல உற்சாகம் வந்துவிட்டது.

வால் முடி பிடுங்கும் படலத்தைப் பார்க்க லயமே கூடியது. குழுவிலேயே வாய் நீளமானவள் வெள்ளையம்மா. தன் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கம்பஸ் வரைக்கும் படிக்கவச்சா மாட்டு வாலப் புடிக்க வந்து நிக்கிறா பாருங்க!" என்றாள். விஜயகலாவின் அசல் பசு தன் வழக்கப்படி உதைத்தது. ஷாமிளா மாட்டுச்சாணியில் உட்கார்ந்து எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவின் உதட்டோரம் துடித்ததை அவள் கவனித்தாள். துடித்ததே தவிர, சிரிப்பாக மாறவில்லை.

அடுத்து வெண்ணெய். மாலையில் எல்லா வீட்டுப் பாலும் விஜயகலா வீட்டுக்கு வரும். அவள் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றுவாள். காலையில் தயிரைக் கடைவது முறைபோட்டு. ஒவ்வொரு நாளும் ஒருத்தி கடைந்து, அன்றைய வெண்ணெயை அன்றைய டின்னில் போட்டுக் கிழமையை எழுதி வைக்க வேண்டும். மருந்துச்சாலை வேன் திங்கட்கிழமை வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போகும். போன தடவை புவாட்டுக்கு வந்த மாதிரியில் எல்லா டின்னும் ஒன்றாகக் கலந்திருந்தது. இந்தத் தடவை ஷாமிளா ஒவ்வொரு டின்னிலும் தனித்தனியே ஒரு விரல் நுனி எடுத்துச் சின்னக் குப்பிகளில் அடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், கேகாலைக்கு இப்பால் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். போர் நடந்த அந்த வருசம் அது எல்லாப் பயணத்திலும் நடப்பதுதான். ஆனால் எல்லோர் பையிலும் மஞ்சள் களிம்பு அடைத்த குப்பிகளும், நூல் சுற்றிய முடிக் கட்டுகளும் இருப்பதில்லையே! அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய், பைக்குள் கையை விட்டு முடிக் கட்டு ஒன்றை வெளியே எடுத்தான்.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று கேட்டான். ஏதோ சூனியச் சாமான் என்றே நினைத்திருப்பான்.

ஷாமிளாவுக்குப் பயம்தான். ஆனாலும் வாய் தானாகவே திறந்துகொண்டது. இது பசுவின் வால் முடி, இதிலிருந்து மரபணு எடுப்போம், எடுத்தால் வெண்ணெயின் குலம் கோத்திரமெல்லாம் தெரியும் என்று தோட்டத்துச் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தாள். சொல்லச் சொல்லப் பயம் போய்ச் சுறுசுறுப்பு ஏறியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சிப்பாய் முடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது. புல் வெட்டும்போது அம்மா சொல்வாள், இது நாட்டு மாடு என்று. விற்றவன் ஏமாற்றிவிட்டானோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். இதை வைத்து அதையும் சொல்ல முடியுமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"வால் முடி அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்," என்று அவளும் சிங்களத்திலேயே பதில் கொடுத்தாள். அவன் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பக்குவமாகப் பையில் வைத்து மூடிக் கொடுத்தான்.

* * *

முதலில் வால் முடி. எல்லாப் பாதையும் சுத்தம். உதைக்கிற பசுவும் சுத்தம், வெள்ளையம்மாவின் பசுவும் சுத்தம். ஹல்பொல குழுவில் பொய் சொல்லும் மாடு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் வெண்ணெயும் சுத்தமாக இருக்க வேண்டும். முதல் சோதனை ஏதோ தவறாகியிருக்க வேண்டும். மறுநாள் வெண்ணெய் ஜெல்லை விளக்கின் மேல் வைக்கும்போது, தன் வேலை பொய்யாகிவிட வேண்டும் என்றே ஷாமிளா கும்பிட்டாள். ஒரு வருச உழைப்பு நாசமாகட்டும், போகட்டும்!

ஜெல் அவளுடைய வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பாதையில் கோடு. இந்தத் தடவை இன்னும் தடிப்பாக. மற்றதெல்லாம் இருட்டு.

"ஒரே ஒரு குப்பி சேர். எந்தக் கிழமை?"

புவாட் லாச்சியைத் திறந்தார். "சனி."

ஷாமிளா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை கடைகிற முறை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். விஜயகலாவுடையது.

கோபம் வந்தது, அழுகை வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, அடங்காமல், வேறொன்றும் துடித்துக்கொண்டிருந்தது. ஏன் சனி மட்டும்? கலக்கிறவள் தன் முறையில் மட்டும் கலந்து தன்னையே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? அதுவும் அக்காவைப் போன்ற கெட்டிக்காரி? இதில் வேறு ஏதோ இருக்கிறது!

"சேர், அறிக்கை எழுத வேணாம். திங்கள் வரைக்கும் பொறுங்க."

"என்ன செய்யப் போறீங்க?"

"சனிக்கிழமை கடையிற தயிர் வெள்ளிக்கிழமை உறை ஊத்துறது. வெள்ளிக்கிழமை போயி அந்த வீட்டுலயே உக்காந்து பாக்கப் போறேன்."

புவாட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போங்க," என்றார். "ஆனா, கண்டது எதுவானாலும் வந்து சொல்லணும்."

* * *

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலெல்லாம் சாணம் மெழுகி ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வீடு வேலியில் பானை சட்டிகள் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்திருந்தன. விஜயகலா அவளைக் கண்டதும் "வா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஷாமிளாவும் அக்கா என்று கூப்பிடாமல், "இங்க" என்றும் "பாரு" என்றும் சமாளித்தாள். அது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

பால் வந்தது. ஒவ்வொரு செம்பையும் ஷாமிளா கண் இமைக்காமல் பார்த்தாள். வெள்ளையம்மா தன் செம்பை ஊற்றிவிட்டு, "போலீஸ்காரவங்க பாத்துக்கிட்டாங்களா? நான் போலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். விஜயகலா பாலைக் காய்ச்சினாள். விளக்கு ஏற்றினாள். விபூதி பூசிக்கொண்டாள். பால் இளஞ்சூட்டுக்கு ஆறியது. தண்ணீர்கூட ஒரு சொட்டு விழவில்லை. ஷாமிளாவின் நம்பிக்கை எரிகிற அடுப்பைப் போலச் சுறுசுறுவென்று ஏறியது. அக்கா கலக்கவில்லை! தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்!

அந்த நேரத்தில் விஜயகலா ஒரு சின்னக் கோப்பையை அவள் கையில் கொடுத்தாள்.

"வந்ததுக்கு ஒரு வேலை செய். ஜெஸீமா ராத்தாகிட்ட போயி உறை வாங்கிட்டு வா."

ஷாமிளா ஒன்றும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு நடந்தாள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஓடிய பாதை. கால் தானாகவே இறங்கியது. தோட்டம் முடிந்து தார் ரோட்டில் ஏறும் இடத்தில், லயமே அக்கா என்ற முறையில் 'ராத்தா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெண் ஜெஸீமாவின் கடை. புருசன் இரத்தினபுரியில் கல் வியாபாரம் என்று அலைய, கடையைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். லயத்துப் பெண்களுக்கு அரிசி முதல் ஆறுதல் வரை அங்கேதான்.

"அட, ஷாமிளா புள்ளயா! எப்ப வந்த? இப்படி மெலிஞ்சு போயீக்கியே! உறைக்கா? இன்னா." ஒரு கரண்டி கேட்டால் ஜெஸீமா ஒரு கோப்பை தருவாள். அன்றைக்கும் வழிய வழிய ஊற்றினாள்.

"ராத்தா, தயிர் நல்லாக் கெட்டியா இருக்கே!"

"இரிக்காதா பின்ன? எங்கட மாடு பூச்சிட பால் தானே. ரெண்டு வருசமா அவட பால்தான். போய்ப் பாரு, பின்னால கட்டி ஈக்கி."

கடைக்குப் பின்னால் மாமரம் ஒன்றில் பூச்சியைக் கட்டியிருந்தது, பெரிய மடியோடு, அசை போட்டுக்கொண்டு. முதுகில் ஒரு பெரிய வெள்ளை, வயிற்றில் ஒரு பெரிய கறுப்பு. படப் புத்தகத்தில் போடுகிற பிரீசியன்!

ஷாமிளாவுக்குப் பொறி தட்டியது. கோப்பையைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், மறுபடியும் கோப்பையைப் பார்த்தாள். "அய்யோ ராத்தா!" என்று கத்தி ஜெஸீமாவை ஒரு கையால் கட்டிக்கொண்டாள். பாதித் தயிர் ஜெஸீமாவின் தோளில் வழிந்தது. மீதியைப் பொத்திக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினாள்.

"ஊத்தாத! உறை ஊத்தாத!" என்று கத்திக்கொண்டே அவள் வாசலில் வந்து விழுந்தபோது, பாம்பு கடித்துவிட்டதோ என்று லயமே வெளியே வந்துவிட்டது.

"இதுதான்! இந்தக் கோப்பைதான்! ராத்தா மாடு பிரீசியன்! இந்தத் தயிருக்குள்ள பிரீசியன் பால் இருக்கு!"

விஜயகலா விழித்தாள். "உறை எப்படிடி பாலாகும்? நாங்க பால் கலக்கலையே."

அங்கேதான் எல்லாம் இருந்தது. யாராவது வேறு பால் கலந்தீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். சத்தியமாக இல்லைதான். உறையைப் பால் என்று யார் எண்ணினார்கள்? அது உறை. அவ்வளவுதான். உப்பைப் போல, புளியைப் போல.

"சரி, ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் ராத்தா வீட்டு உறை?" ஷாமிளா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். விடை தெரிந்திருந்தும் அவர்கள் வாயால் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

வெள்ளையம்மாவுக்கு இதைவிட முட்டாள்தனமான கேள்வி இருக்க முடியாது என்ற முகம். "வெள்ளிக்கிழம காலையில பழசு பட்டது எல்லாத்தையும் கொட்டிப் பானை சட்டியத் தொலக்குறோமா இல்லையா? அப்புறம் உறை எங்க இருக்கும்? அப்படி யாரு வீட்டுலயாவது இருந்தாலும், வெளக்கு வச்சப்புறம் பாலு, மோரு, உப்பு, ஊசி எதையாவது வீட்ட விட்டு வெளிய குடுப்பாங்களா? லச்சுமி கூடவே போயிருவா. ராத்தாவுக்கு அந்தத் தடை இல்ல, குடுப்பாங்க. எத்தன வருசமா நடக்குது! நீயுந்தான ஓடுவ?"

நானும்தான் ஓடினேன், என்று ஷாமிளா நினைத்துக்கொண்டாள். அப்போது ஜெஸீமா வீட்டில் செவலை நாட்டு மாடு. மாடு மாறியது, பழக்கம் மாறவில்லை. மற்ற நாட்களில் முதல் நாள் தயிரிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவார்கள். ஜெஸீமாவின் தாராளக் கை ஊற்றிய ஒரு கோப்பை சனிக்கிழமை டின்னில் கோடு போடப் போதும். அதிலிருந்து மறுநாளைக்கு எடுக்கும் ஒரு கரண்டிக்குள் பிரீசியன் கரைந்து காணாமல் போயிருக்கும். அவள் சோதனை எவ்வளவு கூர்மையானது! ஒரு மனுசியின் நல்ல மனசு எவ்வளவு பெரியது என்பதைக்கூட அளந்து காட்டிவிட்டதே!

சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. குழுப் பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது. விஜயகலா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இனிமே வெள்ளிக்கிழம உறைக்கு எங்க போறது? பழச வைக்கவும் கூடாது, வாங்கவும் முடியாது."

"சாமி குத்தம் ஆகாம ஒரு வழி சொல்லு," என்றாள் வெள்ளையம்மா. "இல்லாட்டி ஒன் வெத மாத்தயாவும் வேணாம், வெண்ணெயும் வேணாம்."

தோளில் தயிரோடு மேட்டில் ஏறி வந்திருந்த ஜெஸீமாதான் வாயைத் திறந்தாள். என்ன நடக்கிறது என்று பார்க்க, கடையைப் பூட்டாமலே ஓடி வந்திருந்தாள். "இதுக்கா இவ்வளவு யோசின? வியாழக்கிழம வெளக்கு வைக்க முந்தி ஒங்கட பாலையே ஒரு கோப்ப எனக்குத் தாங்கோ. நான் என்ட வீட்ல ஒறைய வச்சி, வெள்ளிக்கிழம அதையே ஒங்களுக்குத் தாரேன். ஒங்கட லச்சுமியும் போக மாட்டா, என்ட பூச்சியும் ஒங்கட பானைக்குள்ள வர மாட்டா."

வெள்ளையம்மாவே முதலில் ஒத்துக்கொண்டாள்: "இது நல்லாருக்கே!"

எல்லோரும் கலைந்த பிறகு ஷாமிளா ஆசையோடு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். விஜயகலா கவிழ்த்திருந்த பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"ஒன் மிசின் சொல்லட்டும்," என்றாள். "நான் சொன்னத நீயே நம்பலியே."

அது உண்மை.

* * *

புவாட்டிடம் கண்டதை எல்லாம் சொன்னாள். பூச்சியின் தயிரையும் சோதித்தார்கள். சனிக்கிழமை டின்னில் இருந்த அதே கோடு, அதே இடத்தில், தகட்டையே கிழித்துக்கொண்டு வருவது போல. புவாட் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அறிக்கை எழுதவில்லை. புது உறை ஊற்றிய சனிக்கிழமை வெண்ணெய் வரட்டும் என்றார்.

அது வந்தது. மற்ற ஊர் மாதிரிகளோடு சேர்த்து அவர் எண் போட்டார். இடையில் மின்சாரம் போய் இயந்திரம் பாதியில் நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது. ஷாமிளா மின்சாரத்தைத் திட்டாத வசை இல்லை. கடைசியில் அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஜெல் தகடு விளக்கின் மேல் ஏறியது.

இருட்டு. ஒரு பாதை விடாமல் எல்லாம் அழகான, சுத்தமான இருட்டு. சரிபார்ப்பதற்காக வைத்த பிரீசியன் மட்டும் ஓரத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது, சோதனை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று காட்டிக்கொண்டு.

"இதுல ஹல்பொல சனிக்கிழமை இருக்கா சேர்?"

"இருக்கு," என்றார் புவாட். "வெத மாத்தயாவுக்கு நான் எழுதுறேன். நீங்க போய் அங்க சொல்லுங்க."

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஹல்பொலவில் மணி அடித்தது. அங்கே இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள்.

"யாரு?" விஜயகலாவின் குரல். பின்னால் வெள்ளையம்மா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். சனிக்கிழமை டின் சுத்தம். மிசின் சொல்லிருச்சு." "இப்பக் கூப்புடலாமா?"

அந்தப் பக்கம் வெள்ளையம்மாவின் அதட்டல் நின்றுவிட்டது.

"வெளக்கு வச்சாச்சு," என்றாள் விஜயகலா. "இப்ப வீட்ட விட்டு எதையும் வெளிய குடுக்க மாட்டோம்."

ஷாமிளா தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள வர்றத வேணாம்னு சொல்ல மாட்டோம். கூப்புடுடி."

"அக்கா," என்றாள் ஷாமிளா.